தொள்ளாயிரம் டாலருக்கு எத்தனை டாலர் பூட்டு?

2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பதினெட்டாம் நாள், சனிக்கிழமை காலை, அர்ஜென்டினாவின் லானூஸ் நகரத்துப் பூட்டுக் கடைக்காரர் எத்கார்தோவிடம், கட்டைவிரல் அளவேயுள்ள ஒரு கருவிக்கு நூற்றைம்பது டாலர் கேட்கப்பட்டது. அவர் பாதுகாக்க நினைத்த செல்வமோ மொத்தமே தொள்ளாயிரம் டாலர். இது அநீதி. அநீதியை அநீதி என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

"நூத்தம்பதா? தம்பி, நான் முப்பது வருஷமா பூட்டு விக்கறவன். உள்ள இருக்கற சாமான் என்ன விலையோ, அதுல பத்துல ஒரு பங்குதான் பூட்டு. அப்படிப் பார்த்தா தொண்ணூறு. அதுக்கு மேல ஒரு காசு தரமாட்டேன்!"

அந்தக் கருவியை விற்கும் கணினிக் கடை இளைஞன் தாமியான் வாதாடவில்லை. கண்ணாடி மேசைமேல் மூன்று கருவிகளை வரிசையாக வைத்தான்.

"இது எண்பது. இது நூத்தம்பது. இது நானூறு. எண்பது டாலர் சாமான் வேணுமா?" என்று கேட்டு, நீண்ட பெருமூச்சு விட்டான். "எடுத்துக்கலாம். அப்புறம் உங்களுக்குத் தூக்கம் வருமான்னு நீங்கதான் சொல்லணும்."

எத்கார்தோ பல்லைக் கடித்தார். மூன்று பூட்டுகளை முன்னால் வைத்து, மலிவானதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, நடுவில் இருப்பதை விற்பது அவருடைய சொந்த வித்தை. முப்பது ஆண்டுகளாக அந்தப் பெருமூச்சை விட்டவருக்கு அதை நம்பாமல் இருக்கத் தெரியவில்லை. எண்பதை வாங்க மனம் இடம் தரவில்லை. நூற்றைம்பதைத் தரக் கை வரவில்லை. எழுந்து வெளியேறினார்.

இந்தக் கருவியை உலகம் 'பணப்பை' என்று அழைக்கிறது. பணமே இல்லாத ஒன்றைப் பணப்பை என்பது, சொற்களின்மேல் அக்கறையற்றவர்கள் செய்த வேலை. பிட்காயின் என்னும் மின்காசு இணையத்தில் எங்கோ இருக்கிறது. கருவிக்குள் இருப்பது அதன் சாவி மட்டுமே. கருவி தொலைந்துபோனால் சாவியை மீட்பதற்குப் பன்னிரண்டு சொற்கள் தரப்படும். அந்தப் பன்னிரண்டு சொற்களை எவன் அறிவானோ, அவனே செல்வத்துக்கு உரியவன்.

எத்கார்தோவின் பிட்காயின் செல்வம் இரண்டாண்டுச் சேமிப்பு. செப்டம்பரில் மகள் லுத்மிலாவுக்குப் பதினைந்து வயது நிறைகிறது. அந்நாட்டு வழக்கப்படி, பேட்டைக் கிளப்பின் மண்டபத்தில் விருந்து வைத்து, வெள்ளைக் கவுன் அணிந்த மகளோடு ஊரார் முன்னிலையில் தந்தை வால்ஸ் நடனம் ஆட வேண்டும். அதற்கான பணம் அது. வங்கியில் போட்டிருக்கலாமே என்று லானூஸில் எவரும் கேட்கமாட்டார்கள். 2001 டிசம்பரில், வங்கிகள் மக்கள் பணத்தை முடக்கியபோது, அடைத்த வங்கிக் கதவைக் கரண்டியால் தட்டிக்கொண்டு நின்ற கூட்டத்தில் எத்கார்தோவும் நின்றவர்.

"போன்லயே இருந்துட்டுப் போகட்டுமே, குண்டா," என்று அவர் மனைவி மிர்த்தா முன்பே சொல்லியிருந்தார். "பாஸ்வேர்டுதான் இருக்கே."

"என்ன பெரிய பாஸ்வேர்டு? ரோக்கே!"

வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து வாலை ஆட்டியது.

"பார்த்தியா? தெருவுக்கே தெரியும். தினமும் நான்தானே கத்திக் கூப்பிடறேன்!"

ஆகவே எத்கார்தோ மாற்றுவழி தேடினார். இணையத்தில் ஒருவன் அதே நூற்றைம்பது டாலர் கருவியை, ஒருமுறைகூடப் பயன்படுத்தாதது என்று சொல்லி, அறுபதுக்கு விற்றான். இரயில் நிலையத்தின் வாயிலில் கைமாற்றம் நிகழ்ந்தது. நண்பகலில் வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தவர் உருகிப்போனார்.

"மிர்த்தா, இங்க வந்து பாரு! எவ்வளவு நல்ல மனுஷன்! பன்னெண்டு வார்த்தையையும் அழகா எழுதியே குடுத்திருக்கான். நமக்கு வேலையே வைக்கல!"

மிர்த்தா தாம் உறிஞ்சிக்கொண்டிருந்த மாத்தே பானக் குவளையைக் கீழே வைத்தார்.

"குண்டா, ஒண்ணு கேக்கறேன். உன் கடையில பூட்டு வாங்கறவன்கிட்ட, சாவியில ஒண்ணை உன் சட்டைப் பையில போட்டுக்கிட்டா மத்ததைக் குடுப்ப?"

எத்கார்தோவின் முகம் மெல்ல மெல்ல வெளுத்தது. விற்றவனுடைய எண்ணை அழைத்தார். அந்த எண் உபயோகத்தில் இல்லை.

மாலை ஐந்து மணிக்கு அவர் மீண்டும் தாமியானுடைய கடையில் நின்றார்.

"சரி. அந்த நூத்தம்பதை எடு."

"நூத்தறுபத்தஞ்சு."

"காலைல நூத்தம்பதுன்னியேடா!"

"அது காலைல."

"நம்ம நாட்டுப் பெசோ ஏறுது இறங்குது, ஒத்துக்கறேன். நீ டாலர்லதானே விலை சொல்ற? டாலருக்கு டாலர் எப்படிடா ஏறும்?"

"வரப்போற ஏத்தத்தை முன்கூட்டியே போட்டு வச்சுட்டேன் சார்."

இவ்வாறு பேசுபவனைத் தண்டிக்க அந்நாட்டில் சட்டம் இல்லை. எத்கார்தோ பணத்தை எண்ணி வைத்தார்.

அன்று மாலையே, உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கருவி காட்டிய பன்னிரண்டு சொற்களையும் தாளில் எழுதினார். செல்பேசியில் தட்டுவதற்கு அவர் விரல்கள் தடித்தவை. ஓர் எழுத்தைத் தொட்டால் மூன்று விழும். ஆதலால் பணம் அனுப்பும் பொறுப்பு மிர்த்தாவுக்குப் போயிற்று. பணம் போய்ச் சேரவேண்டிய கருவியின் முகவரியைத் தனித் தாளில் எழுதி, தம் செல்பேசியோடு சேர்த்துக் கதவிடுக்கு வழியாக நீட்டினார். மிர்த்தா அப்போது தம் போனில் யாருடனோ தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். சிறிது நேரம் கழித்து எத்கார்தோ உள்ளிருந்தபடியே கேட்டார்:

"அனுப்பிட்டியா? முழுசா?"

"ஒரு சல்லி பாக்கி இல்லாம அனுப்பியாச்சு. சாப்பிட வா."

இத்துடன் நின்றிருந்தால் இது கதை ஆகியிராது. சொற்கள் தாளில் இருந்தன, தாளோ எரியும். மறுவாரம் அவர் தம் கடையில் துருப்பிடிக்காத எஃகுத் தகடு ஒன்றை வெட்டி, சாவியில் எண்ணும் எழுத்தும் பொறிக்கும் அச்சுகளால் அந்தச் சொற்களைப் பொறித்தார். முதல் தகட்டில் எழுத்துப்பிழை. இரண்டாம் தகட்டில் அச்சுகள் முறிந்தன. புதிய அச்சுகளுக்கு நாற்பது டாலர் ஆயிற்று. மூன்றாம் தகடு பிழையின்றி அமைந்தது. அவருடைய இடக்கைக் கட்டைவிரல் மட்டும் நீலமாயிற்று. பத்தில் ஒரு பங்கு என்ற அவருடைய விதி, இதற்குள் மூன்றில் ஒரு பங்கை நெருங்கிவிட்டது.

தகட்டை எங்கே ஒளிப்பது? அலமாரியில் திருடன் தேடுவான். மெத்தையில் திருடன் முதலில் தேடுவான். கொல்லையில் செங்கல்லால் கட்டிய இறைச்சி அடுப்பு இருந்தது. விருந்துக்காகக் காசு சேர்த்ததால், ஞாயிற்றுக்கிழமை இறைச்சி சுடும் அசாதோ விருந்து அந்த வீட்டில் நிறுத்தப்பட்டிருந்தது. மேலும், அர்ஜென்டினாவில் ஒருவன் மற்றவன் வீட்டில் படுத்து உறங்கலாம், சட்டையை எடுத்து மாட்டிக்கொள்ளலாம். ஆனால் அவன் அடுப்பில் கைவைக்கமாட்டான். இதைவிடப் பாதுகாப்பான இடம் நாட்டில் இல்லை என்று முடிவு செய்து, சாம்பலுக்கடியில் தகட்டைப் புதைத்தார்.

அன்று முதல் மாலை நேரங்களில் கிளப்புக்குச் சீட்டாடப் போவதை நிறுத்தினார். அடுப்பருகே நாற்காலி போட்டுக் காவல் இருந்தார்.

"அப்பா, சும்மாதானே உக்காந்திருக்க? எந்திரி, வால்ஸ் பழகலாம்," என்றாள் லுத்மிலா.

"எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரிஞ்சது வால்ஸ் இல்ல. கரப்பான்பூச்சியை மிதிக்கறது."

தந்தையும் மகளும் குளிர்ந்த அடுப்பைச் சுற்றிச் சுற்றி ஆடினார்கள். தந்தையின் ஒரு கண் மகளின் காலடியில், மறு கண் சாம்பலில். இருந்தும் சூலை மாதத்துக்குள் எத்கார்தோ மிதிக்காமல் சுழலக் கற்றுவிட்டார்.

சூலை மாதத்து ஞாயிறு ஒன்றில், உள்ளே சாவியை வைத்துக் கதவைச் சாத்திக்கொண்ட பக்கத்துத் தெருக்காரருக்கு உதவச் சென்றவர், திரும்பும்போது தெருமுனையிலிருந்தே புகையைக் கண்டார். புகை அவர் வீட்டுக் கொல்லையிலிருந்து எழுந்தது. கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

மிர்த்தாவின் தம்பி வால்த்தர், இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, அடுப்பின் முன் நின்றிருந்தார்.

"வா மச்சான்! நாலு மாசமா இந்த வீட்ல புகையே வரல. யாராவது செத்துட்டாங்களான்னு தெருவுல கேக்கறாங்க. அதான் நானே கறி வாங்கிட்டு வந்துட்டேன். கோவிச்சுக்காத, உன் அடுப்புதான், ஆனா பசி என்னோடது!"

"சாம்பல்... சாம்பலை என்ன பண்ண?"

"அள்ளிக் கொட்டிட்டேன். அடியில ஒரு தகடு வச்சிருந்தியே, என்ன அருமையான தகடு! சீஸ் சுடறதுக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு. நல்லாத் தேச்சுக் கழுவிட்டேன், பயப்படாத."

தகட்டின்மேல் வட்டமான பாலாடைக்கட்டி பொன்னிறமாக வெந்துகொண்டிருந்தது. எத்கார்தோ வாய் திறப்பதற்குள் வால்த்தர் அதைக் கரண்டியால் நெம்பித் தட்டில் கவிழ்த்தார். மொறுமொறுப்பான அடிப்பகுதியில், வரிசை வரிசையாக, எழுத்துகள் புடைத்து நின்றன.

"அட, சீஸ்ல ஏதோ எழுதியிருக்கு! கண்ணாடில பார்த்த மாதிரி இடவலமா மாறியிருக்கே. லுத்மிலா, நீ போன்ல புடிச்சுத் திருப்பிப் பாரு!"

"எலுமிச்சை... குதிரை... கோபுரம்... மருமகன்..." லுத்மிலா வாசித்தாள்.

"மருமகனா? யாரைடா திட்டி எழுதியிருக்க மச்சான்?"

"படிக்காதே!" என்று எத்கார்தோ அலறினார்.

"ஏன் கத்தற குண்டா?" என்றார் மிர்த்தா, ரொட்டியை அறுத்துக்கொண்டே. "படிக்கட்டுமே. ஒண்ணும் குடிமுழுகிடாது."

"உனக்குத் தெரியாது! அந்தப் படத்தை அழி லுத்மிலா, இப்பவே அழி!"

"அழிச்சுடறேன்பா," என்றாள் லுத்மிலா. பிறகு தயங்கினாள். "ஆனா, குடும்ப குரூப்ல போட்டுட்டேன். எல்லாரும் சிரிக்கறாங்க. கோர்தொபா ஊர்ச் சித்தப்பா ரெசிப்பி கேக்கறாரு."

அந்தக் குழுவில் ஏறத்தாழ ஐம்பது பேர் இருந்தனர். எத்கார்தோ நாற்காலியில் சரிந்தார். "இந்தா மச்சான், உனக்குக் குதிரை, எலுமிச்சை ரெண்டும்," என்று வால்த்தர் ஒரு துண்டை அவர் தட்டில் வைத்தார்.

திங்கட்கிழமை காலை, கடை திறக்கும் முன்பே அவர் தாமியான் கடை வாசலில் நின்று, நடந்ததைச் சொன்னார்.

"புதுசா பன்னெண்டு வார்த்தை எடுத்து, பணத்தை அதுக்கு மாத்திட்டா போதும் சார். ஆனா உங்க வீட்டு ஆளுங்களைப் பார்த்தா, நானூறு டாலர் சாமான்தான் சரி. முதல்ல இதுல எவ்வளவு இருக்குன்னு பார்ப்போம்."

நான்கு மாதங்களில் முதன்முறையாக அந்தக் கருவி ஒரு கணினியோடு இணைக்கப்பட்டது. திரையில் ஓர் எண் தோன்றியது. அது பூஜ்ஜியம்.

"சரியாப் பாருடா."

"சரியாத்தான் சார் பார்க்கறேன். பூஜ்ஜியத்துல பத்துல ஒரு பங்குன்னா... உங்களுக்கு இலவசமாத்தான் குடுக்கணும்." சிரித்தவன், எத்கார்தோவின் முகத்தைக் கண்டு நிறுத்தினான். "சார், ஒரு நிமிஷம், இதுல இன்னொரு விஷயம் இருக்கு..."

எத்கார்தோ கேட்க நிற்கவில்லை. தெருவில் நடந்துகொண்டே வால்த்தரை அழைத்தார்.

"திருடா! என் பொண்ணோட விருந்தைத் தின்னுட்டியேடா!"

"நான் சீஸ்தான் தின்னேன் மச்சான்! அதுலயும் பாதியை நாய் தின்னுச்சு!"

"இனிமே என் வீட்டு வாசப்படி மிதிச்சே, காலை உடைப்பேன்!"

அழைப்பைத் துண்டித்தபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன. லுத்மிலாவிடம் என்ன சொல்வது? மண்டபத்துக்கு இனிப் பணம் கட்ட முடியாது. வேறு யாருக்காவது அந்த நாள் பயன்படட்டும் என்றெண்ணிக் கிளப்புக்குப் போனார். மண்டபத்தைக் கவனித்துக்கொள்ளும் தெல்மா அம்மாள், சமையற்கூடத்தில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க எத்கார்தோ! சீட்டாட வந்து எத்தனை நாளாச்சு!"

"தெல்மா, செப்டம்பர் விருந்தை ரத்து பண்ணிடுங்க. என்னால பணம் கட்ட முடியாது."

தெல்மா அம்மாள் கத்தியைக் கீழே வைத்தார்.

"எந்தப் பணம்? மார்ச்சு பதினெட்டு சாயங்காலம் நான் மிர்த்தாவுக்குப் போன் பண்ணி, நாளைக்கு விலை ஏறுது, இன்னைக்கே கட்டிடுங்கன்னேன். அஞ்சு நிமிஷத்துல உங்க போன்ல இருந்து அந்த இன்டர்நெட் காசு முழுசும் வந்துடுச்சு. அப்புறம் ஒரு நாள் வந்து, உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னா மிர்த்தா. மனுஷன் சீட்டாட்டத்தை விட்டுட்டு, கொல்லையில காவல் காக்கறேன்னு பொண்ணுகூட டான்ஸ் பழகறாராமே, அது கெட்டுடக் கூடாதாம்!"

ஆகவே, வாசகரே, லானூஸ் பக்கம் செல்ல நேர்ந்தால், எத்கார்தோவின் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் அந்தக் கருவியை உடனே வாங்கிக்கொள்ளுங்கள். விலை நூற்றறுபத்தைந்து டாலர், பன்னிரண்டு சொற்களும் எழுதியே தரப்படும், எந்த எழுத்தாவது விளங்காவிட்டால் வால்த்தரைக் கேளுங்கள்.