உஷ் சாரின் பச்சைச் சாப்பாடு

கேரட் கடிபட்ட சத்தம் வாசிப்பறையின் கடைசி மேசை வரை போனது.

குனிந்திருந்த தலைகள் எல்லாம் நிமிர்ந்தன. நூலகர் கேரட் துண்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, சத்தம் போட்டது யார் என்று தேடுகிறவர் போலச் சுற்றிலும் முறைத்துப் பார்த்தார்.

தினமும் முதல் ஆளாக வந்து நாளிதழைப் பிடித்துக்கொள்ளும் ஓய்வுபெற்ற தபால்காரர், மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டு அவரையே பார்த்தார். பிறகு உதட்டில் விரலை வைத்துச் சொன்னார்.

"உஷ்."

நூலகருக்கு மானமே போய்விட்டது. அந்த நூலகத்தில் அந்தச் சொல் அவருடைய சொத்து. யாராவது பக்கத்தைக் கொஞ்சம் வேகமாகப் புரட்டினால்கூட 'உஷ்' என்பார். அதனாலேயே அவருக்கு உஷ் சார் என்று பெயர். மேலிடத்திலிருந்து வந்த அதிகாரியிடம்கூடத் தலைமை நூலகர் மறதியாக, "இவர்தான் எங்க உஷ் சார்" என்று அறிமுகம் செய்திருந்தார்.

எல்லாம் ஒரு பொத்தானால் வந்தது. கீழ்த்தட்டுப் புத்தகத்தை எடுக்கக் குனிந்தபோது பேண்ட் பொத்தான் தெறித்து, புவியியல் அலமாரிக்கு அடியில் போய் மறைந்தது. டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னார். எப்படி என்று சொல்லவில்லை. அதைச் சொன்னது அவருடைய மனைவி.

"இனிமே ராத்திரிக்கு அடுப்புச் சமாச்சாரமே வேண்டாங்க. பச்சைக் காய், பழம், முளைகட்டின பயறு. உடம்புக்கு அவ்வளவு நல்லதாம்."

"என்ன திடீர்னு?"

"திடீர்னு எங்க? மெதுவாத்தான் போகப் போறோம். எடுத்த எடுப்புல எல்லாத்தையும் விட்டா உடம்பு தாங்காது. முதல்ல ராத்திரி மட்டும்."

கொஞ்ச நாளில் காலைப் பலகாரமும் பச்சைக்கு மாறியது. போன வாரம் மதியச் சாப்பாடும் போனது. கூடவே டீயும் போனது.

"டீ என்னம்மா பாவம் பண்ணுச்சு?"

"கொதிக்குதில்ல."

அவளும் அதையேதான் சாப்பிட்டாள் என்பதால் சண்டைக்கு வழியில்லை. உண்மையில் அவருக்கும் அது பிடித்துத்தான் போயிருந்தது. ஏணியில் ஏறினால் மூச்சு வாங்கவில்லை. சாயங்காலம் இருவரும் கூடத்தில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டே பேசினார்கள். கல்யாணமான புதிதில் பேசியதற்கு அப்புறம் இப்போதுதான் இவ்வளவு பேச்சு.

கஷ்டம் எல்லாம் நூலகத்தில்தான். பச்சைக் காய்கறியை மென்று முடிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. சாப்பாட்டு இடைவேளை முடிந்து மணி அடித்தாலும் டப்பாவில் பாதி அப்படியே இருந்தது. பசியோடு எப்படி உட்கார்ந்திருப்பது? அதனால்தான் மேசைக்கு அடியில் வைத்துக் கடித்தார். 'உஷ்' வாங்கினார்.

மறுநாள் எல்லாவற்றையும் துருவிக் கொண்டுவந்தார். சத்தம் வரவில்லை. ஆனால் தண்ணீர் விட்டது. டப்பாவிலிருந்து கசிந்த கேரட் சாறு, யாரோ திருப்பிக் கொடுத்த நெஞ்சக நோய்கள் பற்றிய தடித்த புத்தகத்தில் இறங்கி, நுரையீரல் படத்தை ஆரஞ்சு நிறமாக்கியது. அதைப் பார்த்த ஒரு மருத்துவ மாணவி, "இது என்ன வியாதி சார்?" என்று கேட்டாள்.

"அபூர்வமா வர்றதும்மா" என்று சொல்லிப் புத்தகத்தை வாங்கி உள்ளே வைத்தார்.

இனி யார் கண்ணிலும் படும்படி சாப்பிடுவதே வேண்டாம் என்று முடிவு செய்தார். வாசிப்பறைக்குப் பின்னால் பழைய இதழ்களைக் கட்டி வைக்கும் அறை ஒன்று இருந்தது. யாரும் எட்டிப் பார்க்காத இடம். பீரோக்களுக்கு நடுவே ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, முள்ளங்கியை ஆசை தீரக் கடித்தார்.

சுவரின் மேல்பக்கம் காற்றுக்காக ஒரு திறப்பு இருந்ததை அவர் மறந்துவிட்டார். அது வாசிப்பறைக்குள் திறந்தது.

அவர் வெளியே வந்தபோது தபால்காரர் காத்துக்கொண்டிருந்தார்.

"சார், அந்த ரூம்ல எலி இருக்கு."

"எலியா?"

"கறுக் கறுக்குன்னு கடிக்குது. நீங்க உள்ளதானே இருந்தீங்க, கேக்கலியா?"

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வேறு விதமாகத் திறந்தது.

"கேட்டுது. சின்ன எலிதான்."

"சத்தத்தப் பாத்தா சின்னதாத் தெரியல சார்."

செய்தி தலைமை நூலகரின் அறைக்குப் போய்ச் சேர நேரமே ஆகவில்லை. புத்தகத்தில் தூசி பட்டாலே துடித்துப்போகிற அம்மாள் அவர்.

"எலி வந்தா போச்சு சார். ஒரு புத்தகம் மிஞ்சாது. உடனே ஆள் கூப்பிடுங்க."

எலி பிடிக்கிறவர் வந்தார். நூலகரே அவரை அறைக்குள் அழைத்துப் போனார். வந்தவர் முட்டிபோட்டுத் தரையை ஆராய்ந்து, கடித்துப் போட்ட ஒரு முள்ளங்கித் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நல்லா வளந்தது சார். அவசரமே படாம உக்காந்து சாப்பிட்டிருக்கு. பல்லு ஒண்ணு லேசா கோணல்."

நூலகர் நாக்கால் தன் முன்பல்லைத் தடவிப் பார்த்தார்.

பொறி வைத்தார்கள். உள்ளே வெள்ளை வெளேரென்று ஒரு தேங்காய்ச் சில்லு. மறுநாள் டப்பாவில் இருந்தது வெறும் முட்டைக்கோஸ். அதைத் தின்றுகொண்டே நூலகர் தேங்காயைப் பார்த்தார். பார்வையைத் திருப்பினார். மறுபடி பார்த்தார். பச்சைத் தேங்காய்தானே, விதிக்கு ஒன்றும் குறைவில்லை என்று கையை உள்ளே விட்டார்.

விரலில் கட்டோடு அவர் மேசைக்குத் திரும்பியபோது தபால்காரர் கேட்டார்.

"என்ன சார் ஆச்சு?"

"பேப்பர் கிழிச்சிடுச்சு."

பொறியைப் பார்க்க வந்தவர் வியந்துபோனார். "பொறி விழுந்திருக்கு, தேங்காயக் காணோம், எலியையும் காணோம். என் சர்வீஸ்ல இப்படி ஒரு எலியப் பாத்ததில்ல மேடம். சத்தம் கேக்கறப்பவே கதவத் திறந்து அமுக்கினாத்தான் உண்டு."

தலைமை நூலகர் அதை உஷ் சாரிடம் சொல்லவில்லை. அடுத்த நாள் அந்த மனிதரோடும் ஒரு துடைப்பத்தோடும் கதவுக்கு வெளியே காத்திருந்தார். பின்னால் தபால்காரர், நாளிதழைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு.

உள்ளே கறுக் என்றது. கதவு படீரென்று திறந்தது.

முக்காலியில் உஷ் சார். கையில் பாதி பீட்ரூட். உதடு, மோவாய், சட்டைக் காலர் எல்லாம் ரத்தச் சிவப்பு.

துடைப்பம் தலைமை நூலகரின் கையிலிருந்து நழுவியது. "சார்... எலி உங்க மூஞ்சியையே கடிச்சிடுச்சா?"

"பீட்ரூட் மேடம்" என்றார் நூலகர்.

எலி பிடிக்கிறவர் குனிந்து அவருடைய முன்பல்லைப் பார்த்தார். "கோணல்தான்" என்றார், திருப்தியாக.

வேலை போய்விடும் என்றே நூலகர் நினைத்தார். அதனால் எதையும் மறைக்காமல் கொட்டிவிட்டார். பொத்தான், டாக்டர், நுரையீரல் படம், தேங்காய், எல்லாம். மனைவியைப் பற்றிச் சொல்ல வந்தபோது பீட்ரூட்டை டப்பாவில் வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"எனக்காகத்தான் மேடம் எல்லாம். ஒரே நாள்ல மாத்தினா நான் தாங்க மாட்டேன்னு, ஒவ்வொரு வேளையா மாத்தினா. அவளும் அதையேதான் சாப்பிடறா. ஒரு நாள் முகம் சுளிச்சதில்ல."

தலைமை நூலகர் அவரை மேலும் கீழும் பார்த்தார். திட்டத் திறந்த வாய் மூடிக்கொண்டது.

"அதான் பேண்ட் இப்படித் தொளதொளன்னு இருக்கா? நான் என்னவோ வீட்டுல கஷ்டம்னு நினைச்சேன்." கொஞ்சம் யோசித்தார். "எனக்கும் டாக்டர் சொல்லிட்டுதான் இருக்கார். ரெண்டு நாள் பட்டினி கிடப்பேன், மூணாம் நாள் எல்லாத்தையும் சேத்து சாப்பிட்டுடுவேன். உங்க வீட்டம்மாவ நான் பாக்கணுமே. நம்ம வாசகர் கூட்டத்துல அவங்கள பேச வைக்கலாம்."

அன்று சாயங்காலமே தலைமை நூலகரும் தபால்காரரும் நூலகரோடு அவர் வீட்டுக்குப் போனார்கள். தபால்காரரை யாரும் கூப்பிடவில்லை. ஆனாலும் எல்லாருக்கும் முன்னால் படியேறியவர் அவர்தான்.

மனைவி பதறிப்போனாள். பப்பாளியை நறுக்கித் தட்டில் வைத்தாள். தலைமை நூலகர் வாங்கி வந்த பூங்கொத்தைக் கையில் கொடுத்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"உங்க வீட்டுக்காரர் எல்லாம் சொன்னார்மா. இந்தக் காலத்துல புருஷன் உடம்புக்காக தன் சாப்பாட்டையும் மாத்திக்கிறவங்க எத்தன பேர்? முதல்ல ராத்திரி, அப்புறம் காலை, அப்புறம் மதியம். என்ன திட்டம், என்ன பொறுமை. எப்படித் தோணுச்சு உங்களுக்கு?"

"நானா எதுவும் பண்ணல மேடம். ஒண்ணு ஒண்ணா விட வேண்டி வந்துச்சு. விட்டுட்டோம்."

"பாத்தீங்களா அடக்கத்த" என்றார் தபால்காரர், பப்பாளியை மென்றுகொண்டே.

நூலகர் மனைவியைப் பார்த்தார். மார்பு நிமிர்ந்தது. இத்தனை பேர் முன்னால் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

அழைப்பு மணி அடித்தது. மனைவி எழுவதற்குள் அவரே போய்க் கதவைத் திறந்தார். தோளில் கருவிப் பையும் கையில் ஓர் அட்டைப்பெட்டியுமாக ஒரு மெக்கானிக் நின்றிருந்தார். நூலகரைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்.

"அக்கா, ஒரு வழியா உங்க அடுப்புக்கு சாமான் வந்துடுச்சு. முதல்ல ஒரு பர்னர் போச்சு, அப்புறம் இன்னொண்ணு, போன வாரம் கடைசியும் போச்சுன்னீங்களே, இத்தன நாளா சார எப்படிக்கா சமாளிச்சீங்க?"