உன் லென்ஸ் இருக்கும் இடம் குறித்து

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

அத்தான் எழுதிக்கொண்டது. இங்கு நானும் தங்கள் அக்காவும் என் மூட்டுவலியும் சௌக்கியம். அங்கு தங்கள் வீட்டில் எல்லோரும் அவ்வண்ணமே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பத்திரமாக வைத்திருக்கும்படி என்னிடம் கொடுத்துப்போன பெரிய லென்ஸை, ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்வதாக எழுதியிருந்தீர்கள். மகள் பள்ளியில் ஓடப்போகும் கடைசிப் பந்தயத்தை அதில்தான் படம் எடுக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். மிக்க மகிழ்ச்சி. லென்ஸ் நல்ல நிலையில் இருக்கிறது. எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

உடனே குதிக்காதே, முழுசா படி. முதலில், தப்பு என்னுடையது இல்லை. ஓய்வு பெற்றபின் வீட்டில் உட்கார்ந்து உன் அக்கா செய்கிற ஒவ்வொரு வேலைக்கும் நான் கருத்துச் சொல்லிக்கொண்டிருந்ததில், அவள்தான் "எங்கேயாவது போய்த் தொலையுங்களேன்" என்று அன்பாகச் சொல்லி, ஊரில் படம் எடுக்கிறவர்கள் சேர்ந்து நடத்தும் சங்கத்துக்கு என்னைத் துரத்திவிட்டாள். அங்கே ஒரு வழக்கம். யார் வீட்டிலும் லென்ஸோ ஸ்டாண்டோ சும்மா கிடக்கக் கூடாது, பொதுவில் விட்டுவிட வேண்டும். அப்படி விட்ட சாமான் ஓரிடத்தில் தங்காது; ஒருத்தர் எடுத்து முடித்ததும் அடுத்துக் கேட்டவர் கையில் நேராகக் கொடுத்துவிடுவார். சங்கத் தலைவர் ஒரு பல் டாக்டர். உன் லென்ஸைப் பீரோவில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகியிருக்கிறேன் என்று நான் பெருமையடித்ததும், சொத்தைப் பல்லைப் பார்க்கிற முகத்தோடு, "பூட்டியே வச்சா உள்ள பூஞ்சை பிடிச்சிடும் சார், அப்புறம் தூக்கித்தான் போடணும்"னு சொல்லிட்டார். அதைக் காப்பாத்தத்தான்யா பொதுவுல விட்டேன்!

உன் கடிதம் வந்ததும் போட்டது போட்டபடி டாக்டர்கிட்ட ஓடினேன். அவர் ஒருத்தர் வாய்க்குள்ள மிஷினை விட்டுக் குடைஞ்சுக்கிட்டே, "நான் மரங்கொத்தியைப் படம் எடுத்துட்டு டிரைவிங் ஸ்கூல் அம்மாகிட்ட கொடுத்தாச்சே"ங்கிறார். நாற்காலியில படுத்திருக்கிற ஆளும் சங்கத்து மெம்பராம். வாய் நிறையப் பஞ்சை வச்சுக்கிட்டு அவரும் ஏதோ சொல்றார், ஒரு எழவும் புரியலை. டிரைவிங் ஸ்கூல் அம்மாவைப் பிடிக்கப் போனா, அவங்க வண்டியில பாடம் நடத்திக்கிட்டிருக்காங்க. பேசணும்னா பின்சீட்ல ஏறுங்கன்னாங்க, ஏறிட்டேன். ஓட்டப் பழகுற அம்மாள் மைதானத்தைச் சுத்திச் சுத்தி வர்றாங்க, எனக்குக் குடல் வாய்க்கு வருது. "அது கைமாறிடுச்சு சார். புது மெம்பர். நல்லதா நாலு படம் எடுத்துக் காட்டுற வரைக்கும் பேரைச் சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டாங்க, வாக்கு கொடுத்துட்டேன்"ங்கிறாங்க. "ஐயோ, அது என் மச்சானோட பொருளும்மா, நான் அவன் முகத்துல எப்படி முழிப்பேன்?"னு கெஞ்சினேன். "கவலையே படாதீங்க, உங்களைவிடப் பத்திரமா வச்சுப்பாங்க"ன்னு சொல்லிட்டு பிரேக்கை ஒரே மிதி. முன்சீட்ல என் மூக்கு போய் இடிச்சுது. அன்னையிலிருந்து காலையில கிளம்பினா சாயங்காலம்தான் வீடு. நீளப் பை மாட்டின ஒருத்தரையும் நான் விடறதில்லை. நேத்து ஒருத்தரை நிறுத்தித் திறந்து காட்டச் சொன்னேன், புல்லாங்குழல். நல்லவேளை, அவர் போலீஸைக் கூப்பிடலை.

இன்னொரு முக்கியமான விஷயம். இதெல்லாம் உன் அக்காவுக்குத் தெரியாது. லென்ஸ் பெட்டி கனமில்லாம இருந்தா கண்டுபிடிச்சிடுவாளேன்னு உள்ளே வெந்நீர் பிளாஸ்கை வச்சுப் பூட்டியிருக்கேன். முந்தாநாள் "பிளாஸ்கைக் காணோமே"ன்னா, நான் பேப்பரை விரிச்சு முகத்தை மறைச்சுக்கிட்டேன். இப்பல்லாம் அவள் துணி காயப்போட மாடிக்குப் போனா இறங்கி வர்றதே இல்லை. அந்த மட்டுக்கும் பிழைச்சேன். நீ மூச்சு விட்டுடாதே, உனக்குப் புண்ணியமாப் போகும்.

ஆகையால் தாங்கள் வேறு லென்ஸுக்கு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியது. நம்பிக் கொடுத்தாய், நான் காப்பாற்றவில்லை; குழந்தை ஓடுவது இனி திரும்ப வராது என்று நினைத்தால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது. நாளைக்கே சங்கத்திலிருந்து விலகுகிறேன். இந்த ஜென்மத்தில் ஒரு குண்டூசிகூட யாருக்கும் இரவல் தருவதாக இல்லை. குழந்தை முதலாவதாக வரட்டும், வராவிட்டாலும் விழாமல் வரட்டும். தங்கள் மனைவிக்கு என் அன்பையும், தங்களுக்கு என் மன்னிப்பையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்
அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை எங்கே என்று கேட்க மாடிக்குப் போனேன். காய்கிற போர்வைகளுக்கு நடுவே உன் அக்கா நின்றிருந்தாள். கையில் என் கேமரா, அதில் உன் லென்ஸ். "நான்தான் புது மெம்பர்" என்றாள். "பீரோவில இருந்தவரைக்கும் ஒரு நாளாவது என்னைத் தொட விட்டிருப்பீங்களா? சங்கத்துல கேட்டேன், உடனே கொடுத்தாங்க." எடுத்த படங்களைக் காட்டினாள். எல்லாம் நான்தான். தெருமுனையில் வழி தெரியாமல் முழிக்கிறேன், உனக்கு என்ன பதில் சொல்வதென்று தனியாகப் பேசிக் கையை ஆட்டுகிறேன், வீட்டு வாசலுக்கு வந்ததும் ஒன்றும் நடக்காத மாதிரி முகத்தைத் துடைத்துக்கொள்கிறேன். உன் லென்ஸை நான் தேடின தேடல் அத்தனையும் உன் லென்ஸிலேயே விழுந்திருக்கிறது. பொய் சொல்லக் கூடாது மச்சான், அருமையா வந்திருக்கு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அது உன் கைக்கு வராது. கெஞ்சிக் கேட்டுப் பார்த்தேன், "அவன் மெம்பரா?" என்கிறாள். குழந்தை ஓடுவதை அத்தையே வந்து எடுப்பாளாம். நீ ஓரமாக நின்று கை தட்டினால் போதுமாம்.