நாற்பது வெள்ளிக் காற்று

பெண்டாட்டியை ஏமாற்றுவது பாவம்தான். அது புக்கித் தீமா பந்தயக் குதிரைக்குத் தெரியுமா? அறுபத்திரண்டாம் வருஷம், தீபாவளிக்கு முந்தின மாதம். சனிக்கிழமைப் பந்தயத்துக்குப் பாலகிருஷ்ணனுக்கு இருபத்தைந்து வெள்ளி வேண்டும். அதற்கென்றே நாரிஸ் ரோட்டு வீட்டில் ஃபேன் நின்றுபோனது.

ஃபேன் பழுதுபார்க்கும் யாக்கூப் வந்து பார்க்காமலே பதினைந்து வெள்ளி ஆகும் என்றார். பாலகிருஷ்ணன் வீட்டில் சொன்னது நாற்பது.

"நாப்பதா?" என்றாள் சிவகாமசுந்தரி.

"மோட்டாரே போச்சாம்."

"அதுக்குப் புதுசே வாங்கிடலாமே."

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. "புதுசு நூறுக்கு மேலே லா. இப்ப வர்றதெல்லாம் வெறும் தகரம்."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அரிசி டின்னுக்குள் கையை விட்டு, தீபாவளிப் புடவைக்குச் சேர்த்த பணத்தை எடுத்துக் கொடுத்தாள். ஒரு முனகல்கூட இல்லை. திட்டியிருந்தால் தேவலை. அவருக்கு முகம் சுட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுக்கிற அளவுக்குச் சுடவில்லை.

மறுநாள் வேலை விட்டதும் முதலில் காப்பிக்கடை. பந்தயம் எழுதுகிறவனிடம் இருபத்தைந்து. அப்புறம்தான் யாக்கூப் கடை.

"ஃபேனை வந்து பாருங்க. இந்தாங்க பதினைஞ்சு."

யாக்கூப் பணத்தைத் தொடவில்லை. "மத்தியானமே அண்ணி கூப்பிட்டாங்க, வந்து பார்த்துட்டேனே அண்ணே. ஒரு வயர்தான் விட்டுப்போச்சு. மூணு வெள்ளி. அண்ணியே கொடுத்துட்டாங்க."

"வேற ஏதாவது கேட்டாளா?"

"முதல்ல எவ்வளவு சொன்னேன்னு கேட்டாங்க. சொன்னேன். தப்பா?"

வீட்டுக்கு நடந்தார். தூரம் போதவில்லை.

கூடத்தில் ஃபேன் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நேர் கீழே அவருக்கு ஒரு நாற்காலி. பக்கத்து வீட்டுப் பூவம்மா காற்று வாங்க வந்திருந்தாள்.

"உக்காருங்க. நாப்பது வெள்ளிக் காத்து," என்றாள் சிவகாமசுந்தரி. "அக்கா, இவருதான் அலைஞ்சு திரிஞ்சு சரி பண்ணினார்."

"கெட்டிக்காரர் லா," என்றாள் பூவம்மா.

அவ்வளவு காற்றிலும் அவருக்கு வேர்த்தது. பூவம்மா போகும்வரை சிவகாமசுந்தரி சிரித்த முகமாகவே இருந்தாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

கதவைச் சாத்திவிட்டுக் கையை நீட்டினாள். பதினைந்தை வைத்தார். முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"மிச்சம் எந்தக் குதிரை மேல?"

தரையைப் பார்த்துக்கொண்டே பெயரைச் சொன்னார்.

"சரி. அது ஜெயிச்சா எனக்குப் பட்டுப்புடவை. தோத்தா, உங்க தீபாவளி வேட்டிக் காசுல எனக்கு நூல்புடவை."