இரும்புப் புறாவின் முதல் பாதி

எங்கள் வீட்டுப் பின்னறை இனி என்னுடையது என்று போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பிரகடனம் செய்தேன். பதினொன்று ஐந்துக்கு அதை வாபஸ் வாங்கினேன்.

"பின்னறையா? அங்க என் தையல் மெஷின் வரப்போகுதுங்க," என்றாள் என் மனைவி அன்பரசி. "தீபாவளிக்கு நாப்பது ரவிக்கை இருக்கு. எல்லாத்தையும் ஹால்ல வெச்சுத் தைக்கிறேன். நேத்துகூட நீங்க ஊசி மேல உக்காந்துட்டீங்க."

"அதுக்கு?"

"ஊசி வளைஞ்சு போச்சு."

பின்னறை சாதாரண அறை இல்லை. எதிரொலி வராமல் இருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருக்கிறேன். நடுவில், பிளக்கில் மாட்டி வாசிக்கிற என் கீபோர்ட். கூலிம் டவுன் தொழிற்சாலை ஒன்றில் மெஷின் பழுது பார்ப்பது வயிற்றுக்கு. ஷிப்ட் முடிந்ததும் பழைய ஜப்பான் கார்ட்டூன் படங்களின் இசையை மறுபடி உருவாக்குவது மனசுக்கு. என்னைப் போல நாட்டில் முன்னூறு பேர் இருக்கிறோம். கைப்பேசியில் எங்களுக்கென்று ஒரு குழு உண்டு. எல்லோருக்கும் நாற்பதைத் தாண்டிவிட்டது. எல்லோருக்கும் கல்யாணமும் ஆகிவிட்டது. அதனால் பெரும்பாலும் ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் வாசிக்கிறோம்.

அந்தக் குழுவில் ஒரு போட்டி வைத்தார்கள். சின்ன வயதில் டிவியில் பார்த்த 'இரும்புப் புறா' படத்தின் தொடக்கப் பாட்டை மறுபடி உருவாக்க வேண்டும். மலாய் பேசும் ராட்சச ஜப்பான் இயந்திரப் பறவை அது. அந்த மலாய்ப் பாட்டு எங்கேயும் பதிவாகவில்லை. இணையத்தைச் சல்லடை போட்டுச் சலித்தாலும் கிடைக்காது. ஞாபகத்தில் இருப்பதை வைத்துத்தான் செய்ய வேண்டும்.

"நான் ஜெயிச்சா பின்னறை எனக்கு," என்றேன்.

"தோத்தா?"

"நானாவது தோக்கிறதாவது."

"சரிங்க. தோத்தா மெஷினை நீங்கதான் தூக்கிட்டுப் போய் உள்ள வெக்கணும்."

ஒப்புக்கொண்டேன். 'தெர்பாங், தெர்பாங்' என்று, அதாவது பற, பற என்று, தொடங்கும் அந்தப் பாட்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பாடுவேன். இரண்டு வாரம் உழைத்தேன். குழுவில் போட்டேன். ஒரு மணி நேரத்தில் குழுத் தலைவர் யோகேந்திரனிடமிருந்து பதில் வந்தது.

"அண்ணே, சூப்பர் லா. ஆனா முதல் பாதி எங்க?"

எந்த முதல் பாதி? கரங்கான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் என்னோடு வளர்ந்த தினேஸ்வரனுக்குப் போன் போட்டேன்.

"டேய், புறா பாட்டு எப்படிடா ஆரம்பிக்கும்?"

"தெர்பாங், தெர்பாங்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி இருட்டுடா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. படம் ஏழு மணிக்கு. எங்கள் தோட்டத்து லய வீடுகளுக்குக் கரண்ட் வருவதும் ஏழு மணிக்கு. ஜெனரேட்டர் போடுகிற பக்கிரிசாமி, சரியாக ஏழு மணிக்குத்தான் ஒரு பீடி பற்றவைப்பார். பீடி முடிந்து, இஞ்சின் இருமி, டிவி சூடேறி, படம் தெரியும்போது புறா பாதி வானத்தில் இருக்கும். ஒரு தோட்டமே முப்பத்தைந்து வருடமாகத் தலையில்லாத பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறது.

அன்பரசி குருண் டவுன்காரி. அவர்கள் வீட்டில் எந்த நேரமும் கரண்ட்.

"அன்பு, நீ இரும்புப் புறா பாத்திருக்கியா?"

"ஒரு நாள் விட்டதில்ல."

"அந்த ஆரம்பப் பாட்டு..."

"முழுசாத் தெரியும்."

"கொஞ்சம் பாடேன்."

"போட்டி முடியட்டும், பாடுறேன்."

நேர்வழி அடைபட்டது. குறுக்கு வழி ஒன்று இருந்தது. தைக்கும்போது அன்பரசி எதையாவது முணுமுணுப்பாள். புறாவைப் பற்றி இப்போதுதான் ஞாபகப்படுத்தியிருக்கிறேன். இன்றைக்கு அதைத்தான் முணுமுணுப்பாள். கைப்பேசியைப் பதிவில் போட்டு, அவள் நூல்கண்டு போட்டு வைக்கும் பிஸ்கட் டின்னுக்குள் அடியில் புதைத்துவிட்டு, மீன் வாங்கப் பாசாருக்குக் கிளம்பினேன்.

"போன எடுத்துக்கிட்டீங்களா?"

"எடுத்துக்கிட்டேன்."

"பத்திரம்ங்க."

மீனோடு திரும்பி வந்தேன். அவள் மீனைக் கழுவப் போனதும் போனை எடுத்துக் கேட்டேன். மெஷின் கடகடப்புக்கு நடுவே துள்ளலாக ஒரு மெட்டு. அதையே மூன்று தடவை நிறுத்தி நிதானமாக முணுமுணுத்திருந்தாள். எந்த விஷயத்தையும் எனக்கு ஒரு தடவைக்கு மேல் சொல்லாதவள் அவள். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

சந்தேகப்படவில்லை. அந்த மெட்டையே பாட்டின் முதல் பாதியாக வைத்து டிரம்பெட் போட்டேன். இருபது பேர் பாடுகிற மாதிரி கோரஸ் போட்டேன். கோயில் திருவிழாவில் பதிவு செய்து வைத்திருந்த உறுமி மேளத்தையும் சேர்த்தேன். போட்டியின் கடைசி நாளில் குழுவில் ஏற்றிவிட்டு, பின்னறைக் கதவுக்கு ஒரு புதுப் பூட்டும் வாங்கி வந்தேன்.

மறுநாள் காலை யோகேந்திரனே கூப்பிட்டார்.

"அண்ணே, உங்க முதல் பாதி புறா பாட்டு இல்ல லா. படத்துக்கு முன்னாடி வருமே, சவுக்காரத் தூள் விளம்பரம். அது."

"என்னது?"

"'சட்டை வெள்ளை, சிலுவார் வெள்ளை'ன்னு வரும்ணே. நீங்க உறுமியெல்லாம் போட்டுப் பின்னிட்டீங்க. எங்கம்மா கேட்டுட்டு எழுந்து போய்த் துணி ஊற வெச்சிட்டாங்க."

"அப்ப ஜெயிச்சது யாரு?"

"யாரோ குருண் அக்காண்ணே. நேத்து சாயந்திரம்தான் அனுப்பினாங்க. முழுப் பாட்டும் சுத்தம். கீபோர்ட் கிடையாது, ஒண்ணும் கிடையாது. பின்னால கடகடன்னு ஒரு சத்தம் மட்டும். அசல் புறா ரெக்கை அடிக்கிற மாதிரியே இருக்குண்ணே!"

ஹாலில் மெஷின் நின்றது.

"அன்பு," என்றேன், "டின்னுக்குள்ள போன் இருந்தது உனக்குத் தெரியுமா?"

"பச்ச நூல் தேடிக் கைய விட்டேன். உள்ள சிவப்பா ஒரு வெளிச்சம். பிஸ்கட் டின்னுக்கு ஏதுங்க லைட்டு?"

"அதுக்காக விளம்பரத்தையா பாடுவ?"

"ஏழு மணிக்கு முன்னாடி வந்தது எதுவுமே உங்களுக்குத் தெரியாதேங்க."

"எங்க குழுவுல உன்னை யாரு சேத்தா?"

"நீங்கதான்."

"நானா?"

"உங்க போன்லேருந்துதான் சேத்துக்கிட்டேன். அதான் கைக்குப் பக்கத்துலயே வெச்சிட்டுப் போயிருந்தீங்களே."

மெஷினை நான்தான் தூக்கினேன். இரும்புப் புறாவே அவ்வளவு கனம் இருந்திருக்காது. முட்டை அட்டையைக் கழற்ற வேண்டாம், தையல் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் இருக்கும் என்று சொல்லிவிட்டாள். நான் வாங்கி வந்த பூட்டும் அவளுக்குப் பிடித்திருந்தது. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வாசற்படியில் நின்று, இருக்கிற தைரியத்தையெல்லாம் திரட்டிக் கேட்டேன்.

"ஒரு மூலையில என் கீபோர்டு இருந்துட்டுப் போகட்டுமே, அன்பு?"

"தாராளமா இருக்கட்டும்ங்க."

நம்ப முடியவில்லை. "வாசிக்கலாமா?"

"வாசிங்க. கரண்ட் இல்லன்னா என் மெஷின் ஓடாது. அந்த நேரம் பூரா உங்களுக்குத்தான்."