கலர் மாஸ்டரும் ஜன்னலோர நாற்காலியும்

பெயின்ட் கடையில் அவருக்குக் கலர் மாஸ்டர் என்று பெயர். யாராவது ஒரு துணித் துண்டை நீட்டி, சுவருக்கு இதே நிறம் வேண்டும் என்றால், மனுஷர் அதைக் கண்ணருகே தூக்கிப் பிடித்து ஒருமுறை "ம்" என்பார். பிறகு வெள்ளை டப்பாவில் மஞ்சள் இரண்டு சொட்டு, சிவப்பு அரைச் சொட்டு. கலக்கித் தடவிக் காட்டினால் துணி எது, சுவர் எது என்று தெரியாது. இந்தப் பெருமை கடையோடு நின்றிருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. அவர் கூடவே வீட்டுக்கும் வந்தது, அதுதான் வம்பு.

மனைவிக்கு வீட்டிலேயே தையல் வேலை. தைத்து முடித்த கவுனைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். படத்தில் ஒரு நிறம், நேரில் ஒரு நிறம் என்று வாங்குகிறவர்கள் முகம் சுளிக்கவே, கலர் மாஸ்டர் களத்தில் இறங்கினார். அவள் போனில் கேமரா செட்டிங்குக்குள் புகுந்து, பளபளப்பைக் குறைத்து, நிழலைக் கொஞ்சம் தூக்கி, மஞ்சளை ஒரு இழை கூட்டி, "என் ஸ்டைல்" என்று சேமித்துக் கொடுத்தார். கேமராவை எப்போது திறந்தாலும் அந்த ஸ்டைலிலேயே படம் விழும். நிறம் அச்சு அசலாக வந்தது. இனி இந்த போன் பொய்யே சொல்லாது என்று மார்தட்டிக்கொண்டார். அவளும் ஒத்துக்கொண்டு நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னாள். அதுவரைக்கும் குடும்பம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பிறகுதான் நாற்காலிப் பேச்சு வந்தது.

ஹாலில் ஜன்னலோரம் ஒரு சாய்வு நாற்காலி. பஞ்சு வைத்துப் பழுப்புத் துணி போர்த்தியது. நாள் முழுக்க நின்றுகொண்டே பெயின்ட் கலக்குகிற மனுஷருக்கு, உட்கார இந்த உலகத்தில் இருக்கிற ஒரே இடம் அதுதான். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தால் பொழுது சாய்ந்துதான் எழுந்திருப்பார். மனைவிக்கோ இன்னொரு தையல் மெஷின் போட இடம் வேண்டும், வெளிச்சமும் வேண்டும். இரண்டும் இருக்கிற மூலை வீட்டிலேயே அது ஒன்றுதான். நாற்காலியைப் படம் பிடித்துக் குடியிருப்பு குரூப்பில் போட்டு விற்றுவிடலாம் என்றாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்திருக்கலாமே என்கிறீர்களா? கல்யாணமான நாளிலிருந்து அவர் வேண்டாம் என்று சொன்ன எதுவும் நடக்காமல் இருந்ததில்லை. அதனால் தாராளமாகத் தலையாட்டினார்.

அவள் குளிக்கப் போன நேரத்தில் போன் இவர் கைக்கு வந்தது. இன்னொரு ஸ்டைல் தயாரானது. மஞ்சளைச் சுத்தமாக வழித்து எடுத்தார். பச்சையைக் கொஞ்சம் சேர்த்தார். நிழலை அமுக்கி, கூர்மையைக் கடைசிவரை தள்ளினார். சோதனைக்கு ஒரு படம் எடுத்துப் பார்த்தவருக்கே நெஞ்சு திக்கென்றது. என்றைக்கோ சிந்திய காப்பிக் கறையெல்லாம் பூஞ்சையாகப் பூத்துக் கிடந்தது. வெள்ளத்தில் மிதந்துவந்து கரை ஒதுங்கிய நாற்காலி என்றால் யாரும் நம்பிவிடுவார்கள். கெடுப்பதற்கும் ஒரு கைப்பக்குவம் வேண்டும் என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டு, சோதனைப் படத்தை அழித்துவிட்டு, போனை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

அவள் வந்தாள். படம் எடுத்தாள். பார்த்தாள். அப்படியே குரூப்பில் போட்டாள். குரூப்பில் பேச்சுமூச்சு இல்லை. எதிர்வீட்டு நர்ஸ் மட்டும், வீட்டில் ஏதாவது தீவிபத்தா என்று அக்கறையாக விசாரித்தார். கலர் மாஸ்டருக்கு உள்ளுக்குள் ஒரே குதியாட்டம். அந்த ஆட்டத்தில் பழைய ஸ்டைலைத் திரும்ப வைக்க மறந்துபோனார்.

அடுத்த நாளே அந்த மறதி சாப்பாட்டு மேஜைக்கு வந்து சேர்ந்தது. ரோஜா நிறக் கவுன் ஒன்றைப் படம் எடுத்து அனுப்பினாளாம். வாங்குகிறவர் பதறிப்போய், துணியையே மாற்றிவிட்டாயா என்று கேட்டாராம். வெளிச்சம் சரியாக இருந்திருக்காது என்றார் இவர், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். இருக்கும் என்றாள் அவள். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. தப்பித்தோமடா சாமி என்று அவர் அன்றைக்கே பழைய ஸ்டைலுக்கு மாற்றி வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சாப்பிட்டு முடித்து நாற்காலியில் சாயப் போனவரை அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அதுல உக்காராதீங்க. அதை விக்கிற யோசனையை விட்டுட்டேன்."

அவர் முகம் மலர்ந்தது. மலர்ந்து முடிப்பதற்குள் போனை நீட்டிவிட்டாள்.

"எவ்வளவு பூஞ்சை பாருங்க. இத்தனை நாள் என் கண்ணுக்கே தெரியலை. இதுல சாஞ்சு சாஞ்சுதானே உங்களுக்கு இருமல் விடமாட்டேங்குது? இதைப்போய் இன்னொருத்தர் தலையில கட்டலாமா? தூக்கிப் போட்டுருவோம்."

"படத்துலதான் அப்படித் தெரியுது. நேர்ல நல்லாத்தானே இருக்கு?"

"நேர்ல கண்ணு ஏமாத்தும். இந்த போன் பொய் சொல்லாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? இல்ல, உங்க செட்டிங் தப்பா?"

கலர் மாஸ்டர் யோசித்தார். தப்பு என்றால் பட்டம் போச்சு. தப்பில்லை என்றால் நாற்காலி போச்சு. வேண்டுமென்றே செய்தேன் என்றால் இரண்டும் போய், வீட்டில் இருக்கிற கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விடும்.

"செட்டிங் எல்லாம் சரியாத்தான் இருக்கு," என்றார்.

"அப்ப கீழ வாசல்ல கொண்டுபோய் வச்சிருங்க. தூசி மூக்குல போகும், துண்டைக் கட்டிக்குங்க."

மூன்று மாடி. லிஃப்ட் கிடையாது. முகத்தில் துண்டும் முதுகில் நாற்காலியுமாகப் படி படியாக இறங்கினார். இடுப்பு வலித்தது, அதைவிட மனசு வலித்தது. முதல் மாடித் திருப்பத்தில் இறக்கி வைத்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் கடைசியாக ஒருமுறை அதில் உட்கார்ந்தார். பூஞ்சையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அழுகையே வந்துவிட்டது அவருக்கு.

வாசலில் ஒரு தள்ளுவண்டியோடு கீழ்வீட்டுக்காரர் நின்றிருந்தார். தெருமுனையில் சலூன் வைத்திருப்பவர். நாற்காலியைப் பார்த்ததும் ஓடிவந்து ஒரு கை பிடித்து, வண்டியில் ஏற்றிப் பாசமாகத் தட்டிக் கொடுத்தார்.

"குரூப்ல படத்தைப் பார்த்து பயந்தே போயிட்டேன் சார். அக்காதான், படத்தை நம்பாதீங்க, நேர்ல வந்து பாருங்கன்னாங்க. நேத்து நீங்க கடைக்குப் போனப்புறம் வந்து உக்காந்தே பார்த்துட்டேன். தங்கமான நாற்காலி. அப்பவே பேசி முடிச்சாச்சு."

இவர் முகத்தில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

"மூணு மாடி எப்படி இறக்குறதுன்னுதான் ஒரே கவலை. அதுக்கு ஒரு ஆள் இருக்கு, அனுப்பி வைக்கிறேன்னாங்க அக்கா," என்றார் சலூன்காரர், வண்டியைத் தள்ளிக்கொண்டே. "நான் யாரோன்னு நினைச்சேன்."