நம் கொடிக் கப்பலுக்குக் கை தூக்கியவர்கள்

நம் நாட்டில் கடல் பார்க்காத கப்பல் நிபுணர் என்றொரு இனம் உண்டு. கடற்கரை ஊர்களில் இது வளராது. அங்கே யாராவது கேள்வி கேட்டுவிடுவார்கள். மணிமுத்தாற்றில் முழங்கால் அளவு தண்ணீர் வந்தாலே பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற எங்கள் விருத்தாசலம் மாதிரி ஊரில்தான் செழிக்கும்.

எங்களுடையவர் பெயர் திருமால். ஃபியூஸ் கட்டை செய்கிறவர், பீங்கான் தொழில் செய்வோர் சங்கத் தலைவர். டீக்கடையில் உட்கார்ந்தால், கப்பல் கட்டுகிறவனுக்கு எவ்வளவு மானியம், வாங்குகிறவனுக்கு எத்தனை வருஷக் கடன், மாலுமி சம்பளத்துக்கு வரி ஏன் கூடாது, அரசாங்கச் சரக்கில் எத்தனை பங்கை நம் கொடிக் கப்பலுக்கு ஒதுக்க வேண்டும் என்று டீயில் ஆடை படிகிறவரை அடுக்குவார். அவர் ஏறியதில் பெரிய வாகனம் வேப்பூர் பஸ்.

"நம்ம சரக்கு, அடுத்தவன் கப்பலு. வெக்கமா இல்லீங்களா?" என்பார்.

யாருக்குத்தான் இருக்காது? அவர் சொல்வதில் தப்பே கிடையாது. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

சங்கத்தில் எல்லார் சரக்கும் ஒரே கண்டெய்னரில்தான் போகும். போன அக்டோபரில் அதில், பொம்மை செய்கிற டெய்சியின் நாற்பது செட் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளும் இருந்தன. மலேசியாவில் பினாங்கில் ஒரு பங்குக் கோயில் முதல்முறையாகக் கேட்டிருந்தது. நேரத்துக்குப் போனால் வருஷா வருஷம் ஆர்டர். வியாழக்கிழமை ஒரு வெளிநாட்டுக் கப்பல் தயாராக இருந்தது.

புதன்கிழமை திருமால் கூட்டம் கூட்டி, நம் கொடிக் கப்பலில்தான் ஏற்றுவோம் என்று தீர்மானம் கொண்டுவந்தார்.

"அந்தத் தடத்துல நம்ம கப்பலு ஜனவரியிலதான்னு ஏஜென்ட் சொல்றாருங்க. எனக்குக் கிறிஸ்துமஸுக்கு முன்னாடி போவணும்" என்றாள் டெய்சி.

"நாடு முன்னேற வேணாமாம்மா?"

பதினெட்டுக் கை மேலே போனது. அதில் ஒன்று என்னுடையது. எனக்கென்ன, நான் செய்கிற ஊறுகாய் ஜாடி எப்போது போனாலும் விற்கும்.

வியாழக்கிழமைக் கப்பலில் போகிற வேறு யாருடைய கண்டெய்னரிலாவது இடம் கிடைக்குமா என்று டெய்சி அன்று மாலையே அலைந்தாள். ஒரே ஒரு இடம் இருந்ததாம். அதைக் காலையிலேயே ஒருவர் பிடித்துவிட்டார். ஃபியூஸ் கட்டைகளுக்காக.

"அது அவசர ஆர்டருங்க" என்றார் தலைவர். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. நான் என் ஜாடிகளை எண்ணப் போய்விட்டேன்.

பினாங்கில் பிளாஸ்டிக் குழந்தை இயேசுவை வைத்துத் திருவிழாவை முடித்துவிட்டு, இனி பொம்மை வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள். ஜனவரிக் கூட்டத்தில் திருமால் டெய்சியின் தியாகத்தைப் பாராட்டிக் கைதட்டச் சொன்னார். தட்டினோம்.

டெய்சி எழுந்தாள். "கை தூக்குனவங்க ஆளுக்கு ரெண்டு செட்டு எடுத்துட்டுப் போங்க. வூட்டுல வெச்சிப் பாருங்க."

என் இரண்டும் டிவி பக்கத்தில் இருக்கின்றன. செய்தி பார்க்க உட்கார்ந்தால் குழந்தையைப் பார்க்க வந்த ராஜாக்கள் ஆறு பேரும் என்னையே பார்க்கிறார்கள்.

நீங்கள் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை, சரி. ஆனால் வெக்கமா இல்லீங்களா என்று திருமால் கேட்ட இடத்தில் தலையாட்டினீர்களே, கவனித்தேன். டெய்சியிடம் இன்னும் நாலு செட் மீதி இருக்கிறது. விலாசம் சொல்லுங்கள்.