லெட்டூஸ் தூங்கும் அறை

சூரியனை நம்பாத மனிதர்கள் சிலர் உண்டு. பயப்படாதீர்கள், சமயச் சண்டை இல்லை. வீட்டுக்குள் விளக்குப் போட்டுக் கீரை வளர்க்கிற இனம் இது. வருஷம் முழுக்க வெயில் மண்டையைப் பிளக்கிற சிங்கப்பூரில், ஜன்னல் திரையை இழுத்து மூடி, இடுக்கு வழியாகக்கூட வெயில் வந்துவிடாதபடி ஓரமெல்லாம் டேப் ஒட்டி, பிறகு உள்ளே கத்தரிப்பூ நிறத்தில் எல்இடி விளக்கை எரியவிட்டு, "கரண்டு எவ்வளவு மிச்சம் தெரியுமா?" என்று வழிமறித்துக் கேட்பார்கள். தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உங்கள் சாப்பாடு ஆறிப்போகும்.

அங்கே தோ பாயோ வட்டாரத்தில் பதினோராம் மாடியில் குடியிருக்கும் தியோ கெங் ஹுவாட் இதில் முதல் தரம். கப்பல் பட்டறை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் சும்மா இருக்கக் கூடாதா? மகள் வெய் ஷான் கல்யாணமாகிப் போன அறையில் ஒரு தட்டு அலமாரி நுழைந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் தண்ணீர்த் தொட்டி, குழாய்கள், ராப்பகலாகக் குமிழிவிடும் பம்பு. கணவருடைய குறட்டைக்குப் பயந்து அந்த அறையில்தான் மனைவி சியூ லான் படுத்துவந்தார். வீட்டில் ஏர்கான் இருந்ததும் அங்கேதான். அவர் வளர்த்த லெட்டூஸ் கீரையோ குளிர்நாட்டுப் பயிர். ஆகவே லெட்டூஸுக்கு ஏர்கான், சியூ லானுக்குக் கூடமும் மேசை விசிறியும் என்று தீர்ப்பானது.

சியூ லான் பொறுத்துக்கொண்டார். ஆனால் வெய் ஷான் நிறைமாதமானாள். முதல் பேரப்பிள்ளை. பிள்ளை பெற்றவள் ஒரு மாதம் அம்மா வீட்டில் இருப்பதாகப் பேச்சு. பத்தியச் சமையலுக்கு இஞ்சியும் நல்லெண்ணெயும் கறுப்புக் காடி என்கிற வினிகரும் வாங்கி அடுக்கிவிட்டு, அந்த ஒரு மாதத்துக்காகவே சியூ லான் காத்திருந்தார்.

"அந்த ரூமை எப்பங்க காலி பண்ணப் போறீங்க?"

"இந்த அறுவடை முடியட்டும்."

இந்த இனத்தின் வேதவாக்கு அது. அறுவடை முடிந்ததாகச் சரித்திரமே கிடையாது. ஒரு தட்டை வெட்டும்போது அடுத்த தட்டு முளைத்து நிற்கும்.

"வெயில்தான் ஜன்னல்ல வந்து தவம் கெடக்குதே. திரையைத் திறந்தா என்னவாம்?"

"உனக்கு என்ன தெரியும்? வெயில்ல எல்லா நிறமும் கலந்து வருது. செடிக்கு வேண்டியது முக்கியமா சிவப்பும் நீலமும்தான். மீதியெல்லாம் வேஸ்டு."

"ஓகோ, சூரியன் ஊதாரி, நீங்க சிக்கனம்!"

"கேலி பண்ணாதே. பழைய பல்பு தின்னதுல பாதிகூட இந்த விளக்கு தின்னாது."

"அது தின்னாது. அதுக்கும் சேத்து ஏர்கான் தின்னுது."

மடக்கிவிட்டால் இவர்கள் என்ன செய்வார்கள்? தண்ணீரில் தெர்மாமீட்டரை விட்டுப் பார்ப்பார்கள். ஹுவாட்டும் பார்த்தார். வாசல் நடைபாதையில், பழைய பிஸ்கட் டின்னில் சியூ லான் நட்ட மிளகாய்ச் செடி வெறும் வெயிலைக் குடித்துக் காய்த்துத் தள்ளியது. அதைத் தாண்டும்போதெல்லாம் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஆண் பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்த மகளுக்கு ஹுவாட் அறைக் கதவைப் பெருமையாகத் திறந்துவிட்டார். அலமாரிகள் சுவரோரம் நகர்ந்திருந்தன. நடுவில் ஒரு மெத்தை.

"பாத்தியா, எடம் பண்ணிட்டேன்! பம்பு சத்தம் பிள்ளைக்குத் தாலாட்டு மாதிரி இருக்கும்."

வெய் ஷான் உட்கார்ந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள்.

"ப்பா, பிள்ளைக்குக் காமாலை மஞ்சள் ஏறுதான்னு பாத்துக்கிட்டே இருக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. இந்த வெளிச்சத்துல என்ன தெரியும்? கத்தரிக்கா மாதிரி இருக்கான்."

"அதுக்கென்ன! மஞ்சளுக்கு ஆஸ்பத்திரியில நீல வெளக்குலதானே வைக்கிறாங்க? நம்மகிட்ட நீலம் நெறைய இருக்கு!"

படித்த மனிதர் இப்படிச் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார்.

"திரையைத் திறங்கப்பா."

"திறந்தா சூடு ஏறிடும்மா. லெட்டூஸ் கசந்துபோயிடும். இந்த அறுவடை மட்டும் முடிஞ்சா..."

வெய் ஷான் எழுந்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடைபாதைக்கு வந்து, மிளகாய்ச் செடி பக்கத்தில் நின்று, நல்ல பகல் வெளிச்சத்தில் முகத்தையும் கண்ணையும் பார்த்தாள். பிறகு, இறக்கிவிட்டுப் போன கணவனுக்குப் போன் போட்டாள். "வண்டியைத் திருப்புங்க. அத்தை வீட்டுக்கே போயிடலாம்."

இஞ்சியும் காடியும் போட்டுச் சமைத்த பன்றிக்கால் சட்டியைச் சியூ லான் லிஃப்டுக்குள் நீட்டினார். "சூடு பண்ணிச் சாப்பிடும்மா. மத்த பத்தியமெல்லாம் உங்க அத்தைக்குத் தெரியும்." ஹுவாட் ஒரு பை லெட்டூஸோடு பின்னால் ஓடிவந்தார்.

"இதையும் குடுத்து அனுப்பு!"

"பிள்ளை பெத்தவ பச்சைக் கீரையை வாயில வைப்பாளா? குளிர்ச்சின்னு ஊருக்கே தெரியும். நீங்களே தின்னுங்க."

லிஃப்டு மூடியது. சியூ லான் காத்திருந்த மாதம் கீழே இறங்கிப் போனது. அவர் கூடத்துக்குத் திரும்பி, விசிறியைப் போட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். உள்ளே லெட்டூஸ் சுகமாகக் குளிர்ந்துகொண்டிருந்தது.

நீங்கள் சிரித்தது கேட்கிறது. உங்கள் வீட்டில் லெட்டூஸ் கிடையாது, சரிதான். ஆனால் "இது மட்டும் முடியட்டும்" என்று நீங்கள் கதவைச் சாத்தி வளர்த்துவரும் ஏதோ ஒன்று இருக்குமே? கொஞ்சம் எழுந்து போய், உங்கள் வீட்டுக் கூடத்தில் யார் படுத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.